லாங்ஃபார்ம் (நெடுங்கட்டுரை) எழுத உட்காருகிறவர்களுக்கு (நான் ஒருமுறை சொதப்பிய பிறகு)

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவரைப் பற்றி 600 வார்த்தையில் எழுதியிருந்தேன். நண்பர் படித்துவிட்டு, "இதை லாங்ஃபார்மா பண்ணிக் குடு" என்றார். ஈயத்தின் வரலாறு, பித்தளையின் பெருமை, நாலு பழமொழி எல்லாம் சேர்த்து 2,500-க்கு இழுத்தேன். விருந்தாளி வந்ததும் சாம்பாரில் தண்ணீர் விடுவோமே, அதே கதை. திரும்பி வந்துவிட்டது.

படி 1: நல்ல லாங்ஃபார்ம் ஒன்றைப் படியுங்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் 2,000 வார்த்தையைத் தாண்டினால் பொதுவாக லாங்ஃபார்ம் என்பார்கள், கறாரான கணக்கு கிடையாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' சுமார் 30,000 வார்த்தை. தொடராக வரவேண்டியதை 1946 ஆகஸ்ட் 31 'நியூயார்க்கர்' இதழ் மொத்தமாக ஒரே மூச்சில் போட்டது. அணுகுண்டில் உயிர் பிழைத்த ஆறு பேர், காலை 8.15, அந்த நொடியில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆரம்பிக்கும். தையல்காரரின் மனைவி, கணவரைப் போரில் இழந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடிப்பதை ஜன்னலில் நின்று பார்க்கிறார். குண்டின் எடை, விட்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான் நமக்கு உறைக்கும்.

படி 2: திரும்பத் திரும்பப் போங்கள். ஈயம் பூசுகிறவரிடம் நான் நாலு தடவை போனேன். மூன்றாவது தடவைதான், ஈயம் பிடிக்கத் தூவும் நவச்சாரத் தூள் சூட்டில் பட்டு வெண்புகை எழும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு துணியால் ஈயத்தை இழுப்பதைக் கவனித்தேன். போன் ரெக்கார்டரில் இது விழாது. குறிப்பெடுக்கப் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: 'இதை ஏன் சொல்கிறேன்' பத்தி. நான் விழுந்த குழி இதுதான். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் 'நட் கிராஃப்' என்பார்கள். முதல் காட்சி முடிந்த கையோடு, வாசகரை எதற்காக உட்கார வைத்திருக்கிறோம் என்று சொல்லும் பத்தி. என் கட்டுரையில் அது பதினோராவது பத்தியில் கிடந்தது. காரணம், என்னிடமே கேள்வி இல்லை. வீடெல்லாம் எவர்சில்வர் ஆனபிறகும் இவருக்கு எப்படி வேலை வருகிறது? அவரிடமே கேட்டேன். "பிரியாணி அண்டா இருக்கே சார்" என்றார். செம்பு அண்டாவில் ஈயம் தேய்ந்தால் புளிப்பு பட்டுச் சாப்பாடு கெட்டுவிடும், சமையல் கான்ட்ராக்டர்கள் அவரைத் தேடித்தான் வரவேண்டும். அங்கிருந்து அண்டா வாடகைக் கடை, கல்யாண சீசன் என்று கட்டுரைக்குத் தானாக வழி கிடைத்தது. ஈய வரலாற்றை முழுசாக வெட்டினேன்.

படி 4: எழுதுங்கள். கணினியில். போனில் எழுதினால் பத்திகளை இடம் மாற்றியே உயிர் போகும். குரல் தட்டச்சு, பேட்டியை எழுத்தில் இறக்க மட்டும் போதும். ஊர்ப் பெயர்களைக் கொலை செய்யும், சரிபாருங்கள்.

பிற்சேர்க்கை: 1,600 வார்த்தைதான் வருகிறது, போதுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போதும். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே வார்த்தை, ஆங்கிலத்தில் ஐந்தாறு. அவர்கள் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று: யூடியூப்காரர்கள் சொல்லும் லாங்ஃபார்ம் வேறு. ஷார்ட்ஸ் அல்லாத வீடியோ எல்லாமே அவர்களுக்கு அதுதான். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸே மூன்று நிமிடம் வரை போகலாம் என்பதால், அங்கே ஐந்து நிமிடம் பேசினாலே நீங்கள் லாங்ஃபார்ம் ஆள்.