கார்த்திகை மழையில் தோட்டத்துப் பூச்சிகளைப் பார்ப்பது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மணல் தோட்டம் ஐப்பசி மழை இரண்டு விழுந்ததுமே உயிர்பெற்றுவிடும். ஆனாலும் பார்க்கப் போகிறவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நேரத்தையும் காற்றையும் கணக்கில் வைக்காததுதான் காரணம்.

மழை ஓய்ந்து வெயில் விழுந்தபின் ஒரு மணி நேரமாவது விடுங்கள். காலை எட்டிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். வாடை அடிக்கும் பக்கம் நின்று தேடாதீர்கள். வேலி, ஓலைத் தட்டி, புதர் எதுவானாலும் அதன் தெற்குப் பக்கம் போங்கள். இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே வெயிலும் விழும், காற்றும் மறையும். சிறகு நனைந்த வண்ணத்துப்பூச்சிகள் அங்கேதான் குளிர் காயும்.

முதலில் எருக்கஞ்செடி. இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டினால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள், முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகள். இலையைக் கிள்ள வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். ஆவாரையில் வெளிர்பச்சைப் புழுக்களைத் தேடலாம். தேள்கொடுக்குச் செடி இருந்தால் களையென்று பிடுங்கி எறியாதீர்கள். வாடிய தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் வந்து மொய்க்கும். அந்தச் செடிகளிலுள்ள ஒரு வேதிப்பொருளை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனையை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. ஒரு கிளையை ஒடித்து நிழலில் வாட விட்டு வேலியில் கட்டினாலே போதும்.

முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். தீப்பந்தம் கொளுத்துமுன் ஒரு நாளாவது பாருங்கள்: பகலில் தண்டில் கூட்டமாக அடையும், இரவில் ஏறி இலை தின்னும். தொடக்கூடாது, முடி பட்டால் அரிக்கும்.

கிளையில் ஒளிந்திருப்பவற்றுக்கு வெளிர்நிறக் குடையைத் தலைகீழாகப் பிடித்து, மேலே குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கும்பிடுபூச்சி, சிலந்தி, வண்டு என்று விழும். பார்த்துவிட்டு அதே கிளையில் விடுங்கள்.

தரையில் ஊர்வனவற்றுக்கு பிளாஸ்டிக் டம்ளர் புதைக்கலாம். நம் மணலில் ஒரே டம்ளரைப் புதைத்தால் எடுக்கும்போது குழி சரிந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வையுங்கள். வெளி டம்ளர் மண்ணிலேயே இருக்க, உள்ளதை மட்டும் தூக்குங்கள். விளிம்பு தரையை விட மயிரிழை உயர்ந்தாலும் வண்டு சுற்றிப் போய்விடும். இரண்டுக்கும் அடியில் சிறு துளைகள், உள்ளே நாலு சருகு. சருகு இல்லாவிட்டால் விழுந்தவை ஒன்றையொன்று தின்றுவிடும். மேலே மூன்று கல் வைத்து ஓடு மூடுங்கள். விடிந்ததும் பார்த்தே ஆக வேண்டும்.

மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழிநரிப் பூச்சியைத் தாழ்வாரத்து நனையாத மணலில் தேடுங்கள். திறந்த வெளியில் மழை அதன் குழிகளை அழித்திருக்கும்.

அமாவாசையை ஒட்டிய இரவில், காற்று விழுந்த வேளை பார்த்து, வெள்ளை வேட்டியின் நாலு முனையையும் இழுத்துக் கட்டி முன்னால் விளக்கு வையுங்கள். மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். புற ஊதாக் குழல்விளக்குக்கு அதிகம். ஏழிலிருந்து ஒன்பது போதும். அப்புறம் அணைத்துவிட்டால் அவை கலைந்து போகும். விடிய எரிந்தால் காலையில் கரிச்சானுக்கு இரை. ஆரஞ்சும் கறுப்புமான ஒல்லி வண்டு உடம்பில் உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதிவிடுங்கள். நசுங்கினால் அதன் நீர் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

கல்லையோ மட்டையையோ புரட்டும்போது எதிர்விளிம்பை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் சுருட்டை விரியனோ தேளோ இருந்தால் கல் நடுவில் மறைப்பாக நிற்கும். சருகுக்குள் கை விடாதீர்கள், குச்சியால் தள்ளுங்கள்.

பத்து மடங்கு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூச்சியை நோக்கி நீங்கள் குனிய வேண்டும். நோட்டில் தேதி, நேரம், கடைசி மழை எப்போது, காற்று, எந்தச் செடி, எத்தனை என்று எழுதுங்கள். ஒன்றும் தென்படாத நாளையும் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் டம்ளர்களை ஒரே இடத்தில் விடாதீர்கள். எடுத்ததும் குழியை மண் போட்டு மூடிவிடுங்கள்.