அஸ்திவாரமும் அடிக்கல்லும் ஒன்றல்ல: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடைப் பேச்சிலும் கட்டுரையிலும் அதிகம் அடிபடும் கட்டட உறுப்பு அஸ்திவாரம்தான். வாழ்க்கைக்குக் கல்வி அஸ்திவாரம், தொழிலுக்கு நம்பிக்கை அஸ்திவாரம். இதையெல்லாம் ஒரு கொத்தனாரின் காதால் கேட்டுப் பாருங்கள், பாதி வாக்கியங்கள் நிற்காது.

முதல் குழப்பம் அடிக்கல்லில். “எங்கள் நிறுவனத்தின் அடிக்கல் நேர்மை” என்று எழுதுகிறார்கள். அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் சடங்கு; பாரம் தாங்குவது அந்தக் கல்லின் வேலையல்ல. அடிக்கல்லோடு நின்றுபோன பாலங்களை நாம் பார்க்காதவர்களா என்ன! ஒன்றைத் தொடங்கியதைச் சொல்ல அடிக்கல், அதைத் தாங்குவதைச் சொல்ல அஸ்திவாரம் அல்லது அடித்தளம். கால்கோள் விழா என்பதிலும் தொடக்கம்தான் பொருள். இறந்த வீரரின் நினைவாக நடும் கல்லான நடுகல்லை எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் “காட்சி, கால்கோள், நீர்ப்படை” என்று வரிசைப்படுத்துகிறது. ஆகவே “வலுவான கால்கோள்” என்று எழுதினால் பொருந்தாது.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரிவதை அஸ்திவாரம் என்பது. அணியின் கேப்டனைத் தூண் என்று சொல்லுங்கள், சரி. மண்ணுக்குள் மறைந்து கிடப்பதுதான் அஸ்திவாரம்; அந்தப் பெயர் பள்ளியில் அவருக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கே பொருந்தும்.

“அஸ்திவாரம் பலமாக இருந்தால் போதும்” என்பது பாதி உண்மை. கட்டடத்தின் எடையை அஸ்திவாரம் தானே வைத்துக்கொள்வதில்லை, கீழே உள்ள மண்ணுக்குக் கடத்துகிறது. இத்தாலியின் பைசா கோபுரத்தை 1173இல் கட்டத் தொடங்கினார்கள். அஸ்திவாரத்தின் ஆழம் சுமார் 3 மீட்டர்தான், அதன் அடியில் இளகிய களிமண். மூன்றாவது அடுக்கு எழும்போதே கோபுரம் சாய ஆரம்பித்துவிட்டது. 1990இல் பார்வையாளர்களுக்கு மூடி, பிறகு வடக்குப் பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001இல் மறுபடி திறந்தார்கள். கோளாறு மண்ணில், பழுது பார்த்ததும் மண்ணில். குழந்தையின் படிப்பை அஸ்திவாரம் என்று எழுதுகிறவர், அது ஊன்றி நிற்கும் வீட்டையும் தெருவையும் பற்றி ஒரு வரி சேர்த்தால் உவமை முழுமையாகும்.

“அஸ்திவாரமற்ற குற்றச்சாட்டு” வேண்டாம். ஆதாரமற்ற, அடிப்படையற்ற என்பவை இருக்கின்றன. “அஸ்திவாரத்தை வளர்ப்போம்” என்பதும் வேண்டாம். வளர்வது செடி.

நேர்ப்பொருளிலும் ஒரு பொறி உண்டு. தரைக்கு மேல், வீட்டின் தளம் வரை எழுப்பும் பகுதியை நம் ஊர் மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். வீடு கட்ட ஒப்பந்தம் எழுதும்போது வெறும் “பேஸ்மென்ட் வரை” என்று விட்டுவிடாமல், தரைக்குக் கீழே எத்தனை அடி, மேலே எத்தனை அடி என்று எண்ணிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.