‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று டாக்டர் கேட்டால்

மகளிர் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி இது. உடலுறவு உண்டா என்பதைத்தான் நம் ஊரில் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். லெஸ்பியன் பெண் ‘இல்லை’ என்று சொன்னால் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. அந்த நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸோ பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் தொற்றும். அதனால் ‘இல்லை’யோடு நிறுத்தாதீர்கள்: “கல்யாணம் ஆகலை டாக்டர். என் துணை ஒரு பெண். வயசு முப்பது தாண்டிடுச்சு, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும்.” அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு. உள்ளே வைக்கும் ஸ்பெக்குலம் சின்ன அளவிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். அம்மா கூட வந்திருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆண்களோடு உறவுள்ள ஆண்களுக்கு ‘ஆயிடுச்சு’ என்ற பதிலே வினையாகும். அதைக் கேட்ட மருத்துவர் ஆண்களோடு உறவு உண்டா என்று மேலே விசாரிக்க மாட்டார். சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் உள்ள கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகள் தெரியாமலே போகும். அந்த இடங்களிலும் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் போட வேண்டும்.

தன்பால் ஈர்ப்பை ‘மாத்திடலாம்’ என்று யாராவது சிகிச்சை எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அத்தகைய சிகிச்சைக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

அட்மிட் ஆகும்போது ‘நீங்க என்ன உறவு?’ என்பார்கள். ‘ஃப்ரெண்டு’ என்றால் துணையை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். மனநலச் சிகிச்சைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது: ‘இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன்’ என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், ரத்த உறவு வேண்டியதில்லை. துணையும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மற்ற நோய்களுக்கு இந்தத் தாள் செல்லாது. அங்கே நினைவோடு இருக்கும்வரை அறுவைச் சிகிச்சைக்கு உங்கள் கையெழுத்தே போதுமானது. மீள முடியாத நிலைக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே உயிர்விருப்ப ஆவணம் (லிவிங் வில்) எழுதலாம்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று. முடிவெடுப்பவராகத் துணையின் பெயரையும் போன் நம்பரையும் அதில் எழுதி, ஒரு நகலை மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.