சென்சார் டெஸ்ட் பண்றவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

புதுசா கேமரா டெஸ்ட் பண்ண ஆரம்பிச்ச பசங்க அனுப்புற ஃபைல்களத் திறந்து பாத்தா, நாங்கல்லாம் ஆரம்பத்துல விழுந்த அதே குழில அப்படியே விழுந்துட்டு இருக்காங்க. ட்ரைபாட் போடு, டைமர் வை, லென்ஸத் தொடச்சுக்கோ, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, விட்டுடறேன். நாய்ஸும் (படத்துல வர்ற பொடிப்பொடிப் புள்ளி) ரெசல்யூஷனும் (எவ்வளவு நுணுக்கம் தெரியுதுங்கறது) அளக்கும்போது நம்பர் பாக்க ஒழுங்கா இருக்கும், ஆனா முடிவு தலைகீழா வரும், அந்த மாதிரி தப்புகள் மட்டும் இங்க.

ஜேபெக்ல நாய்ஸ் அளக்கறது

வேண்டாம். கேமராவோட நாய்ஸ் ரிடக்‌ஷனத்தான் அளக்கறீங்க, சென்சார இல்ல.

ரா ஃபைலயே லைட்ரூம்ல போட்டு அளக்கறது

ரா ஃபைல்ங்கறது கேமரா கை வைக்காத சென்சார் டேட்டா, ஆனா லைட்ரூம்ல போட்டா இதுவும் கிட்டத்தட்ட அதேதான். நீங்க ஒண்ணையும் தொடலன்னாலும் ஷார்ப்பனிங்கும் கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனும் டீஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும். ராடிகர் மாதிரி ரா டேட்டாவ அப்படியே காட்டற சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணுல, டீமொசைக் ஆகாத (பக்கத்துப் பிக்சலப் பாத்து கலர் நிரப்பறதுக்கு முந்தின) டேட்டால, ஒரு பச்சை சேனல மட்டும் எடுத்துப் பாருங்க.

100% ஜூம் வெச்சு ரெண்டு கேமராவ கம்பேர் பண்றது

இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும். வேற வேற மெகாபிக்சல் இருக்கற ரெண்டு கேமரால ஒரே சீன எடுத்து, ரெண்டையும் 100%ல, அதாவது படத்தோட ஒரு பிக்சலுக்கு ஸ்க்ரீனோட ஒரு பிக்சல்னு, பக்கத்துல பக்கத்துல வெச்சு, "பாருங்கண்ணே, இதுல நாய்ஸே இல்ல" அப்படின்னு முடிவு கட்டிடறாங்க.

கல்யாண ஆர்டர் எடுக்கற தம்பி ஒருத்தன் சோனி ஏ7ஆர் வெச்சிருந்தான், 36 மெகாபிக்சல். ஏ7எஸ், 12 மெகாபிக்சல், அதோட ஐஎஸ்ஓ 6400 க்ராப்பப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு மனசு உடைஞ்சுபோய், இருந்த பாடிய செகண்ட் ஹேண்ட்ல கெடச்ச விலைக்குத் தள்ளிவிட்டுட்டு கையில இருந்து காசு போட்டு மாத்திட்டான். அப்புறம் ஆல்பம் வேல வந்துது. 12க்கு 36 இன்ச் ஷீட்டு. புது கேமராவோட அகலம் 4240 பிக்சல், 36 இன்ச்சுக்கு விரிச்சா இன்ச்சுக்கு 118 பிக்சல் கூட வரல. பழசு 7360, அதாவது இன்ச்சுக்கு 204. அதுலயும் தாலி கட்டற நேரத்துல மணமேடையச் சுத்தி சொந்தக்காரங்க நின்னுடுவாங்க, பின்னாடி நின்னு எடுத்து க்ராப் பண்ணித்தான் ஆகணும், அந்த க்ராப்ல பொண்ணோட நெத்திச்சுட்டி ஒரே பொட்டுப் பொட்டா இருக்கு. நாய்ஸாவது கொறஞ்சுதான்னு கேட்டா, அதே சைஸ்ல பிரிண்ட் போட்டுப் பாத்தப்போ வித்தியாசம் கண்ணுக்கே தெரியல.

ஏன் தெரியலன்னா, கணக்கு சிம்பிள். வெளிச்சம் ஃபோட்டான்ங்கற துகள் துகளா வருது, பிக்சல் அத எலக்ட்ரானா மாத்திச் சேக்குது, அதோட ஏத்த இறக்கம் எண்ணிக்கையோட வர்க்கமூலம். 36 மெகாபிக்சல் சென்சார்ல ஒரு பிக்சல்ல 3000 எலக்ட்ரான் சேருதுன்னு வைங்க. நாய்ஸ் 55, சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதமும் 55. அதே வெளிச்சம், அதே எக்ஸ்போஷர், அதே ஃபுல் ஃப்ரேம், 12 மெகாபிக்சல்னா பிக்சலோட பரப்பு மூணு மடங்கு, அதனால 9000 எலக்ட்ரான், நாய்ஸ் 95, விகிதம் 95. 100%ல பாத்தா 55க்கு 95, 12 மெகாபிக்சல் ஜெயிச்ச மாதிரியே இருக்கும். ஆனா சின்ன பிக்சல் மூணைச் சேத்துப் பாருங்க, அங்கயும் அதே 9000, அதே 95. ஒரு ஏக்கர் வயல்ல வரப்பு கூடப் போட்டா பாத்திதான் சின்னதாகும், ஏக்கருக்கு விழற மழை கொறையாது.

வரப்புக்கும் கொஞ்சம் எடம் போகும்ல, அதுதான் ரீட் நாய்ஸ். ஒவ்வொரு பிக்சலப் படிக்கும்போதும் சில எலக்ட்ரான் அளவு நாய்ஸ் தனியா ஒட்டிக்கும். பிக்சலுக்கு 3 எலக்ட்ரான்னா மூணு பிக்சலுக்கு 5 சொச்சம். 9000 எலக்ட்ரான் இருக்கற எடத்துல அது ஒரு பொருட்டே இல்ல, ஆனா பிக்சலுக்குப் பத்து எலக்ட்ரான் கூட சேராத கும்மிருட்டு நிழல்ல அது பெருசாத் தெரியும். ரொம்ப உயர்ந்த ஐஎஸ்ஓல ஏ7எஸ் உண்மையிலேயே முன்னாடி வர்றது அங்கதான். வீடியோக்கு அது வேற ரகம், முழு சென்சாரையும் விடாமப் படிக்கும், அந்த வேலைக்கு வாங்கினா நியாயம். ஸ்டில் மட்டும் எடுக்கறவன் 100% க்ராப்பப் பாத்து வாங்கினதுதான் எனக்குத் தாங்கல.

அப்ப எப்படிப் பாக்கணும்? ரெண்டையும் ஒரே அவுட்புட் சைஸுக்குக் கொண்டு வாங்க. சென்சார்கள அளந்து போடற டிஎக்ஸ்ஓமார்க் சைட்ல ஸ்க்ரீன், பிரிண்ட்னு ரெண்டு டேப் இருக்கும், ஸ்க்ரீன்ங்கறது ஒத்த பிக்சலோட கணக்கு, பிரிண்ட்ங்கறது எல்லாத்தையும் 8 மெகாபிக்சலுக்கு இறக்கின கணக்கு, கேமராவுக்கு கேமரா ஒப்பிட பிரிண்ட்தான். நீங்களே இறக்கறீங்கன்னா நியரஸ்ட் நெய்பர்ங்கற ரீசைஸ் முறைல இறக்காதீங்க, அது பிக்சல சராசரி பண்ணாது, பொறுக்கி எடுக்கும், நாய்ஸ் அப்படியே நிக்கும். அப்புறம் "ரீசைஸ் பண்ணாலும் கொறையலயே"ன்னு என்கிட்ட வந்து கேட்காதீங்க.

ஐஎஸ்ஓ நம்பர நம்பறது

ஒரு கம்பெனி 3200னு போடறதும் இன்னொரு கம்பெனி 3200னு போடறதும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஸ்டாண்டர்டுலயே அளக்க ஒண்ணுக்கு மேல வழி இருக்கு. ஷட்டரயும் அபர்ச்சரயும் லைட்டயும் சமமா வைங்க, ஐஎஸ்ஓ எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். லென்ஸ் வேற வேறன்னா எஃப் 4 ஒண்ணா இருந்தாலும் உள்ள வர்ற வெளிச்சம் கொஞ்சம் மாறும், அதயும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரே ஒரு ஃப்ரேம்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுக்கறது

ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ங்கறது பிக்சல் மதிப்பு சராசரில இருந்து எவ்வளவு சிதறுதுங்கற நம்பர், அதத்தான் நாய்ஸ்னு எடுக்கறோம். ஒரே ஃப்ரேம்ல எடுத்தா சாம்பல் கார்டோட சொரசொரப்பு, லைட் ஒரு பக்கம் தூக்கலா விழறது, சென்சார் மேல இருக்கற தூசி, பிக்சலுக்குப் பிக்சல் இருக்கற நிரந்தர வித்தியாசம், எல்லாம் சேந்து நாய்ஸ்ங்கற பேர்ல வந்துடும். அடுத்தடுத்து ரெண்டு ஃப்ரேம் எடுங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணக் கழிங்க, மிச்சத்தோட டீவியேஷன ரூட் 2ஆல வகுங்க. மாறாதது எல்லாம் கழிஞ்சு போய், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுற நாய்ஸ் மட்டும் நிக்கும்.

பிளாக் லெவல் கழிக்காம விகிதம் போடறது

கழிங்க. பிளாக் லெவல்னா வெளிச்சமே இல்லாதப்போ ரால வர்ற நம்பர். 14 பிட் சோனி ரால இருட்டே 512ல இருந்துதான் ஆரம்பிக்கும், நிழல் சிக்னலவிட அது பெருசு. இதுக்கு நேர்மாறா, பழைய நிக்கான் பாடிகள் பல கேமராக்குள்ளயே கழிச்சு சைபருக்குக் கீழ உள்ளத வெட்டிடும், அதுல லென்ஸ் மூடி போட்டு எடுத்த ஃப்ரேம வெச்சு ரீட் நாய்ஸ் சொன்னா நிஜத்தவிட கம்மியாத்தான் காட்டும்.

வீட்டு எல்இடி பல்புல டெஸ்ட்

நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல பல்பு நொடிக்கு 100 தடவ மின்னும். 1/200ல எடுத்தா ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறும், எலக்ட்ரானிக் ஷட்டர்னா பட்டை பட்டையா வரும். 1/50ல எடுங்க, இல்லன்னா 1/25ல.

ரெசல்யூஷன எஃப் 16ல அளக்கறது

எல்லாம் ஷார்ப்பா இருக்கட்டும்னு அபர்ச்சர சின்னதாக்கி எடுக்கறாங்க. சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் பரவிடும், அதுதான் டிஃப்ராக்‌ஷன். பச்சை வெளிச்சத்துக்கு எஃப் 16ல டிஃப்ராக்‌ஷன் புள்ளியோட விட்டமே சுமார் 21 மைக்ரான், ஏ7ஆரோட பிக்சல் 4.9 மைக்ரான். அங்க சென்சார் என்ன பண்ணும், பாவம். நல்ல லென்ஸப் போட்டு எஃப் 4, எஃப் 5.6 பக்கம் எடுங்க, லைவ் வியூவப் பெருசாக்கி ஃபோகஸக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி வரிசையா எடுத்து, அதுல இருக்கறதுலயே பெஸ்ட்ட மட்டும் கணக்குல எடுத்துக்கோங்க.

நாய்ஸுக்கு ஒரு ஃபைல், ரெசல்யூஷனுக்கு இன்னொரு ஃபைல்

நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட ஃபைல்ல நாய்ஸ் கம்மின்னும், ஷார்ப்பன் பண்ண ஃபைல்ல ரெசல்யூஷன் அதிகம்னும் ரெண்டு நம்பரயும் ஒரே டேபிள்ல போட்டா அப்படி ஒரு படமே உலகத்துல கிடையாது. ஒரே ப்ராசசிங், ஒரே ஐஎஸ்ஓ, ரெண்டும் அதுல இருந்தே வரணும். கோடு போட்ட சார்ட்ட கண்ணால பாத்து எண்றதவிட, ஐஎஸ்ஓ 12233ங்கற ஸ்டாண்டர்டுல சொல்ற மாதிரி அஞ்சு டிகிரி போல சாச்ச விளிம்ப எடுத்து எம்டிஎஃப் கர்வ் (விவரம் நுணுக்கமாக ஆக கான்ட்ராஸ்ட் எவ்வளவு மிஞ்சுதுங்கற கோடு) போடுங்க. கர்வ் ஒண்ணுக்கு மேல தூக்கிட்டுப் போச்சுன்னா எங்கயோ ஷார்ப்பனிங் ஒளிஞ்சிருக்கு, தேடி அணைங்க. சார்ட்ல மெல்லிய கோடுங்க வர்ற எடத்துல பச்சையும் ஊதாவுமா அலை அடிச்சா அது மோயரே, அங்க இருந்து மேல உள்ள எதையும் ரெசல்யூஷன்னு எழுதாதீங்க.