சமத்துவப் புரட்சிகள் ஏன் கெட்டன? பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் தர்மபுரிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சமத்துவம் இங்கே ஏட்டுச் சொல் அல்ல. அந்தச் சொல்லை நம்பி எழுந்த புரட்சிகள் ஏன் கெட்டன என்று பிள்ளைகள் கேட்டால் நாம் சரியாகச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஸ்டாலின் கொடியவர், அதனால் ரஷ்யா கெட்டது என்பார்கள். ஆனால் 1921 மார்ச்சில், லெனின் காலத்திலேயே, க்ரோன்ஸ்டாட் தளத்துக் கடற்படை வீரர்கள் சோவியத்துகள் என்ற மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல் கேட்டார்கள். 1917இல் புரட்சிக்குத் தோள்கொடுத்த தளம் அது. லெனின் அரசு அவர்களை எதிரியின் கையாட்கள் என்று தூற்றி, உறைந்த கடல்மீது படையை நடத்தி ஒடுக்கியது. அதே மாதம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் தனி அணிகள் சேரவும் தடை வந்தது. ஸ்டாலின் பொதுச் செயலாளர் ஆனது 1922இல்தான்.

பிரச்சாரம் மக்களை மட்டுமே ஏமாற்றும் என்று நினைப்பதும் தவறு. 1958இல் சீனாவில், விளைந்த நெற்பயிரின் மேல் சிறுவர்கள் நிற்கும் படம் வெளியானது. பல வயல்களின் பயிரைப் பிடுங்கி வந்து ஒரே வயலில் திணித்திருந்தார்கள். பென்னாகரத்தில் கேழ்வரகு நட்ட எவரும் அந்தப் படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்: இப்படி நெருக்கினால் காற்றுப் புகாது, அடி அழுகும், கதிர் பிடிக்காது. சீன விவசாயிக்கும் அது தெரியும். சொன்னால் துரோகி என்று பட்டம் கட்டுவார்கள் என்பதும் தெரியும். ஒவ்வொரு மட்டத்து அதிகாரியும் தன் பதவிக்காகக் கணக்கை ஏற்றி எழுதினார். மேலே இருந்தவர்கள் அந்தக் கணக்கை நம்பி, ஏட்டில் விளைந்த நெல்லுக்கு ஏற்ப உண்மையான நெல்லை அள்ளிச் சென்றார்கள். 1959இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் கட்சித் தலைவர் மாவோவுக்குக் கடிதம் எழுதிக் குறைகளைச் சொன்னார், பதவி பறிபோனது. பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தார்கள். நெல்லை விளைவித்த கிராமங்களில்தான் சாவு அதிகம். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இவற்றையெல்லாம் காட்டி, சமத்துவமே வீண் கனவு என்று முடிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இரட்டைக் குவளையைத் தூக்கியெறியச் சொன்னவர்கள் கேட்டது நியாயம். கணக்குக் கேட்பவரை எதிரியாக்கியதுதான் அந்தப் புரட்சிகள் செய்த கேடு.

1989இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது இதே தர்மபுரி மாவட்டத்தில்தான். ஒழுங்காக நடக்கும் குழுவின் கூட்டத்துக்கு ஒருநாள் போய் உட்காருங்கள். வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிப்பார்கள். பொறுப்பாளர்களை முறைவைத்து மாற்றுவார்கள். கூலிக்குப் போய்விட்டு வந்த பெண் எழுந்து, "அந்த ஐம்பது ரூபாய் எங்கே போனது?" என்று கேட்பார். பதில் வரும்வரை கூட்டம் கலையாது.