ஆங்கிலத் துறைச் செய்திமடலுக்குச் செய்தி சேர்ப்பது எப்படி

துறைக்குப் புதிதாக வந்தவர் தலையில்தான் எப்போதும் செய்திமடல் வந்து விழும். "ஒண்ணும் பெரிய வேலை இல்லை, எல்லாரும் அனுப்புவாங்க, நீங்க தொகுத்தா போதும்" என்பார்கள். நம்பாதீர்கள். யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆசிரியர் செய்தி, முன்னாள் மாணவர் செய்தி, நிகழ்ச்சிச் செய்தி மூன்றையும் கேட்டு வாங்குவதிலேயே பாதிக்கு மேல் உயிர் போகும். எழுதுவது அதற்கு அப்புறம்தான்.

"உங்கள் சாதனைகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்" என்று துறை முழுக்க ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எப்போதும் அனுப்புகிற அந்த இரண்டு பேர் பதினேழு வரியில் அனுப்புவார்கள், நிஜமாகவே நல்ல புத்தகம் ஒன்றை முடித்த மூன்றாமவர் கூச்சப்பட்டுக்கொண்டு வாயே திறக்க மாட்டார். அதனால் ஆள் ஆளாக, குறிப்பாகக் கேளுங்கள். "போன வருஷம் பயணக் கட்டுரைகள் பற்றி எழுதிக்கொண்டிருந்தீர்களே, அது வந்துவிட்டதா?" என்று கேட்டால் பதில் வரும், "ஏதாவது செய்தி இருக்கா?" என்று கேட்டால் வராது. இன்னொரு வழி, துறை அலுவலகத்தில் இருப்பவரோடு பேசுவது. யார் எந்தக் கருத்தரங்குக்கு விடுப்பு எடுத்துப் போனார், யாருடைய பிஎச்டி வாய்மொழித் தேர்வு முடிந்தது என்பதெல்லாம் துறைத் தலைவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நூலகரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். காதில் விழுந்ததை அன்றைக்கே ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் கடைசி வாரத்தில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

வெளியீடுகள் பற்றிய செய்தியில்தான் அதிகம் வழுக்கும். சமர்ப்பித்தது, மதிப்பாய்வில் (அதே துறை ஆய்வாளர்கள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கட்டத்தில்) இருப்பது, ஏற்கப்பட்டது, வெளிவந்தது, இந்த நான்கும் நான்கு வேறு வேறு நிலை. நான் முதல் இதழிலேயே மதிப்பாய்வில் இருந்த கட்டுரையை "வெளிவந்துள்ளது" என்று போட்டுவிட்டேன், அந்த ஆய்விதழ் அதை நிராகரித்தும் விட்டது, அந்தப் பேராசிரியர் என்னோடு நான்கு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போதெல்லாம் கட்டுரை என்றால் டிஓஐ எண் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்), புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் எண் (நூலுக்கான அடையாள எண்) கையில் வந்த பிறகுதான் "வெளிவந்தது". ஏற்கப்பட்டதை "வெளிவர இருக்கிறது" என்று போடலாம். மதிப்பாய்வில் இருப்பதைப் போடவே வேண்டாம். அப்புறம், நூலாசிரியர் வேறு, தொகுப்பாசிரியர் வேறு, தொகுப்பில் ஒரு இயல் எழுதியவர் வேறு. மூன்றையும் "புத்தகம் வெளியிட்டார்" என்று ஒரே கூடையில் போட்டால் உண்மையிலேயே ஐந்து வருஷம் உட்கார்ந்து ஒரு நூல் எழுதியவருக்கு எரிச்சல் வரும், நியாயம்தானே.

மொழிபெயர்ப்பாளரையும் விட்டுவிடாதீர்கள். இன்டர்நேஷனல் புக்கர் பரிசே 2016 முதல் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறது, நம் துறை மடலில் ஒரு பெயர் போடுவதற்கு என்ன கேடு. சந்தேகமான ஆய்விதழ்களும் வரும், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிறவை. "திங்க், செக், சப்மிட்" என்ற இயக்கம் கொடுக்கும் கேள்விகளை வைத்துப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். அப்படி ஒன்று வந்தால் பொதுவில் எதுவும் சொல்லாமல் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசுங்கள்.

நூல், கட்டுரைப் பெயர்களைப் போடும் நடைக்கு எம்எல்ஏ கையேட்டை (சட்டமன்ற உறுப்பினர் இல்லை, மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் என்ற மொழி, இலக்கிய ஆய்வாளர் சங்கம்) வைத்துக்கொண்டால் சண்டை வராது. ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. நூல் பெயர் சாய்வெழுத்தில், கட்டுரையோ சிறு கவிதையோ மேற்கோள் குறிக்குள். மடல் ஆங்கிலத்தில் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது: ஒரே ஒரு முன்னாள் மாணவரை "அலும்னி" என்று எழுதுவது. அது பன்மை. ஓர் ஆண் அலும்னஸ், ஒரு பெண் அலும்னா, பெண்கள் மட்டும் என்றால் அலும்னே, இந்த லத்தீன் தொல்லையே வேண்டாம் என்றால் "அலும்". வேறு துறை தப்புவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆங்கிலத் துறை விட்டால் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியருக்குக் கொடுக்கும் "எமிரிடஸ்" என்ற கௌரவப் பட்டமும் அப்படித்தான், பல இடங்களில் அதைப் பல்கலைக்கழகம் தனியாக வழங்க வேண்டும், ஓய்வு பெற்ற எல்லோருக்கும் ஒட்டிவிடக் கூடாது.

சரி, நிகழ்ச்சிகள். முன்னறிவிப்பு சுலபம்: யார், எதைப் பற்றி, எங்கே, எப்போது, யார் வரலாம். மாதத்தை எழுத்தில் போடுங்கள், 05/06 என்றால் ஒருவருக்கு ஜூன் 5, இன்னொருவருக்கு மே 6. இணைய உரை என்றால் எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும்.

நடந்து முடிந்த நிகழ்ச்சியின் அறிக்கைதான் மடலிலேயே மிக மோசமான பகுதி. "துறைத் தலைவர் வரவேற்க, சிறப்பு விருந்தினர் உரையாற்ற, நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது." தேதியை மட்டும் மாற்றி இருபது வருஷம் இதையே அச்சடிக்கலாம். அங்கே என்ன பேசினார்கள் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. இதற்கு ஒரே வழி, நிகழ்ச்சிக்கு முன்பே ஒரு ஆய்வு மாணவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைப்பது. முழு உரையும் அவர் எழுத வேண்டாம், பேச்சாளரின் முக்கிய வாதம் ஒன்று, அதற்கு அவர் காட்டிய ஆதாரம் ஒன்று, கூட்டத்திலிருந்து வந்த நல்ல கேள்வி ஒன்று போதும். ஒரு கற்பனை உதாரணம்: "மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் பற்றிய சிறப்புரை நடைபெற்றது" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள். "1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த முதல் பதிப்பையும் 1831இல் மேரி ஷெல்லியே திருத்திய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னதில் நாயகன் விக்டர் விதியின் கைப்பொம்மையாகத் தெரிகிறான் என்று வாதிட்டார், அப்படியென்றால் வகுப்பில் எந்தப் பதிப்பைப் படிப்பது என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டதும் அரங்கம் இரண்டாகப் பிரிந்தது." வராதவருக்கும் "அடடா, போயிருக்கலாமே" என்று தோன்றும்.

ஏப்ரல் 23 ஐநாவின் ஆங்கில மொழி நாள், ஷேக்ஸ்பியரை ஒட்டி வைத்தது. ஜூன் 16 ஜேம்ஸ் ஜாய்ஸ் வாசகர்களின் ப்ளூம்ஸ்டே, அவருடைய "யுலிசீஸ்" நாவலின் கதை நடக்கும் நாள். அக்டோபரில் இலக்கிய நோபல் அறிவிப்பு. இந்த நாட்களை வைத்துப் பக்கம் நிரப்பலாம், ஆனால் ஊரே படித்த நோபல் செய்தியை நாமும் திருப்பிப் போடுவதில் அர்த்தமில்லை, அந்த எழுத்தாளரை வகுப்பில் நடத்திய ஒருவர் துறையில் இருந்தால் அவரிடம் ஒரு பத்தி வாங்குங்கள்.

முன்னாள் மாணவர் பக்கம் எனக்குப் பிடித்தது. பெரிய பதவிக்காரர்களை மட்டும் போட்டு நிரப்புகிற வழக்கத்தை விடுங்கள். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எங்கெங்கோ போகிறார்கள்: பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், படங்களுக்கு வசனவரி எழுதுகிறவர், மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர். "இங்கே படித்ததில் எது இன்றைக்கும் வேலைக்கு ஆகிறது?" என்று கேளுங்கள், சுவாரசியமான பதில் வரும், சில நேரம் "ஒன்றுமே இல்லை" என்றும் வரும், அதையும் போடலாம். வருஷம் போடும்போது சேர்ந்ததா முடித்ததா என்று முதலிலேயே முடிவு செய்து ஒரே மாதிரி போடுங்கள். பெயரை இப்போது எப்படி எழுதுகிறார் என்று அவரிடமே கேளுங்கள், பழைய பெயரை அவர் சம்மதம் இல்லாமல் அடைப்புக்குறியில் சேர்க்காதீர்கள். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், இவற்றை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு எடுத்துப் போடுவது வேண்டவே வேண்டாம்.

இரங்கல் செய்தியில் அவசரமே கூடாது. குடும்பத்தினர் ஒருவர் உறுதி செய்த பிறகுதான். பட்டங்களை அடுக்குவதைவிட, அவரிடம் படித்த ஒருவர் சொல்லும் ஒரு நினைவு பேசும்.

மாணவர் கவிதையைப் போடும் முன் அவரிடம் ஒன்றை விளக்கிவிடுங்கள், பல இலக்கிய இதழ்கள் எங்கேயும் வெளிவராத படைப்பைத்தான் எடுக்கும், துறை மடலில் வந்ததையும் சில இதழ்கள் "வெளிவந்தது" என்றே கணக்கில் வைக்கும். படம் என்றால் பேனருக்குப் பின்னால் பதினைந்து பேர் விறைப்பாக நிற்பதைவிட, பேச்சாளர் கையை ஆட்டிப் பேசுகிற ஒரு படம் நன்றாக இருக்கும், படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்கள். மடல் முழுவதையும் ஒரே படமாக அனுப்பாதீர்கள், திரைவாசிப்பானை (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) நம்பியிருப்பவருக்கு அது வெறும் வெள்ளைத்தாள். ஜிமெயில் 102 கேபியைத் தாண்டிய மின்னஞ்சலின் வாலை வெட்டிவிடும், அதனால் இரங்கல் செய்தியைக் கடைசியில் வைக்காதீர்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு செய்தியையும் அதில் பெயர் வருகிறவருக்கு, அந்தத் துண்டை மட்டும், "புதன் மாலைக்குள் திருத்தம் சொல்லுங்கள், இல்லையென்றால் இப்படியே போகும்" என்று அனுப்பிவிடுங்கள். முழு மடலையும் எல்லோருக்கும் காட்டினால் யார் செய்தி மேலே, யார் செய்தி கீழே என்ற பஞ்சாயத்தில் ஒரு வாரம் போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தப்பு வரத்தான் செய்யும். அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி திருத்தம் போட்டுவிடுங்கள், கூடவே சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்தும் சொல்லிவிடுங்கள்.