அடிபட்ட பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

செப்டம்பர் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசந்தம். தமிழ்நாட்டில் மழையை எதிர்பார்த்திருக்கும் புரட்டாசியில் இங்கே மரத்துக்கு மரம் கூடு கட்டும் வேலை நடக்கும். என் தொலைபேசியும் அப்போதுதான் ஓயாமல் அடிக்கத் தொடங்கும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று நம்மவர்கள் வாழும் இடங்களிலிருந்து பராமரிப்புக்காக அட்டைப் பெட்டிகளில் பறவைகள் என்னிடம் வந்து சேரும். இந்த ஆண்டு உதவிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நல்லவர்கள், உழைப்பாளிகள். ஆனால் தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கவண் அடிக்காதே, கூட்டைக் கலைக்காதே என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கெட்ட எண்ணத்தால் சாகும் பறவைகளைவிட நல்ல எண்ணத்தால் சாகும் பறவைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

வெருலமிலிருந்து ஒருவர் குட்டி மீன்கொத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர்தான் மீன்கொத்தி, தண்ணீர்ப் பக்கம் போகாமல் புதர்களில் பூச்சி பிடித்துத் தின்னும் இனம். வடக்கிலிருந்து வந்து கோடைக்காலத்தை இங்கே கழிக்கும். எடை 15 கிராம் இருந்தால் அதிகம். அவர் வீட்டுக் கண்ணாடிக் கதவில் மோதி மயங்கி விழுந்திருக்கிறது. சிறகு முறியவில்லை, கண் தெளிவாக இருந்தது. இருட்டான பெட்டியில் இரண்டு மணி நேரம் சும்மா விட்டிருந்தால் அதுவாகவே பறந்து போயிருக்கும்.

“நன்றாகக் குடித்தது அக்கா. குளுக்கோஸ் கலந்து இரண்டு மில்லி கொடுத்தோம்” என்றார். முகம் நிறையப் பெருமை.

15 கிராம் உடலுக்கு இரண்டு மில்லி. அறுபது கிலோ எடையுள்ள மனிதர் மயங்கிக் கிடக்கும்போது அவர் வாயில் எட்டு லிட்டர் ஊற்றுவதற்குச் சமம். அதில் எவ்வளவு வயிற்றுக்குப் போயிற்று, எவ்வளவு நுரையீரலுக்குப் போயிற்று என்பது மூச்சு விடும்போது கேட்ட ‘க்ளிக்’ சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் செத்தது.

பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால், வாயின் தரையிலேயே, சிறு பிளவு ஒன்று திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். விழுங்கும்போது நமக்கு அதை மூட ஒரு மடல் இருக்கிறது. பறவைக்கு அது கிடையாது. சொட்டு சொட்டாக நாக்கின்மேல் விடும் தண்ணீர் நேரே அந்தப் பிளவை நோக்கித்தான் ஓடும். உதரவிதானமும் இல்லாததால் நம்மைப் போல் பலமாக இருமித் தள்ளவும் அதற்கு முடியாது. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்தது பறவையின் மூச்சு மண்டலம். அங்கே புகுந்த பாலும் சர்க்கரைத் தண்ணீரும் வெளியே வர வழியின்றி அழுகும்.

இந்தத் தவறு ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்று யோசித்திருக்கிறேன். பலன் உடனே தெரிவதில்லை. தண்ணீர் கொடுத்தவர் பறவை ‘குடிப்பதை’ப் பார்க்கிறார், கண் விழிப்பதைப் பார்க்கிறார், மனநிறைவோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். சாவு எங்கள் கணக்கில் விழுகிறது. “நான் கொடுத்தபோது நன்றாகத்தானே இருந்தது?” என்று பிறகு கேட்பவர்களும் உண்டு.

“வாயைத் திறந்து திறந்து மூடியது, தாகம் போலிருக்கிறது” என்பது இன்னொரு வாதம். பிடிபட்ட பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது பயத்தால், வலியால், அல்லது சூட்டால். தாகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பஞ்சில் நனைத்துக் கொடுத்தாலும், மருந்துச் சொட்டியில் கொடுத்தாலும், சிரிஞ்சில் கொடுத்தாலும் ஆபத்து ஒன்றுதான். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுகிறவர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். பாலைச் செரிக்கும் சக்தியே பறவைக்குக் கிடையாது. உயிர் போகும் வேளையில் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். பறவைக்கு அதைச் செய்தால் அதுவேதான் கடைசிப் பாலாகிறது.

அப்படியானால் என்ன செய்வது? மூடியுள்ள அட்டைப் பெட்டி. மூச்சுக்குச் சில துளைகள். அடியில் பழைய துணி. பறவையின் இயல்பான உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல், அதாவது நமக்கு அது கடுங்காய்ச்சல். ஆகவே உங்கள் விரலுக்கே குளிர்ச்சியாகத் தெரியும் குஞ்சு உண்மையில் விறைத்துக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். குளிர்ந்த உடலில் போன உணவு இரைப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும் என்பதால் உணவும் பிறகுதான். தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே வைக்காதீர்கள். தலை நிற்காத பறவை இரண்டு விரல் ஆழத்தில் மூழ்கிச் சாகும். நீர் தேவையென்றால் தோலுக்கடியில் ஊசி மூலம் ஏற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

பெட்டியை மூடிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பிள்ளைகளுக்குக் காட்டவும் கூடாது.

தரையில் நிற்பதெல்லாம் அனாதை என்று நினைப்பது

டாப்பி என்று நாம் அழைக்கும் சின்னானின் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டுக் குதித்துவிடும். சில நாள் புதரடியிலும் வேலியோரத்திலும் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே இரை கொண்டுவந்து கொடுக்கும். இறகு முளைத்து, காலூன்றி நிற்கிற குஞ்சு என்றால் அதற்கு நீங்கள் தேவையில்லை. நாயையும் பூனையையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டு விலகிப் போங்கள்.

டிக்கொப் என்னும் தரைப்பறவையின் கதை இன்னும் மோசம். பள்ளி மைதானத்திலும் கோயில் புல்வெளியிலும் வெறுந்தரையில் முட்டையிடும். குஞ்சு பொரித்த சிறிது நேரத்திலேயே நடக்கத் தொடங்கும், ஆபத்தென்றால் அசையாமல் படுத்துக்கொள்ளும். ‘நோயில் கிடக்கிறது’ என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பறவை இறக்கையை விரித்துக்கொண்டு உங்களை விரட்டியதா? அதுதான் தாய். ஆளைத் துரத்தும் பறவை என்று புகார் கொடுப்பதற்குப் பதில், புல் வெட்டுகிறவரிடம் அந்த இடத்தைச் சுற்றிப் போகச் சொல்லுங்கள்.

இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. கூடு கலைந்திருந்தால் ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் துளை போட்டு, காய்ந்த புல் இட்டு, அதே கிளையில் கட்டுங்கள்.

கண்ணாடியில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவது

பயனில்லை. கண்ணாடியில் தெரியும் மரமும் வானமும்தான் பறவையை ஏமாற்றுகின்றன. நடுவில் ஒரு கறுப்பு உருவம் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் மோதும். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ கண்ணாடி முழுவதும், வெளிப்பக்கமாக, இருக்க வேண்டும். அழகாக இருக்காது என்றால் வெளியே வலை கட்டுங்கள். புதருக்குள்ளிருந்து தாழ்வாக அம்பு போல் பாய்ந்து வரும் டாம்பரின் புறாவுக்கு உங்கள் கதவு ஒரு காட்டு வழி.

மோதிய பறவையை ‘பறக்கிறதா பார்ப்போம்’ என்று மேலே எறிகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பூனை வாயிலிருந்து மீட்டது: “காயமே இல்லை”

இருக்கிறது. இறகுக்கடியில் ஊசி முனையளவு பல் தடம். பூனையின் வாயிலுள்ள கிருமிக்கு அதுவே போதும். அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

பனையின் காய்ந்த ஓலையை வசந்தத்தில் கழிப்பது

வீட்டு முன்னால் நிற்கும் அலங்காரப் பனையில் காய்ந்து தொங்கும் ஓலை நமக்குக் குப்பை. பனை உழவாரனுக்கு அதுதான் வீடு. ஓலையின் உட்புறத்தில் இறகுகளை எச்சிலால் ஒட்டிச் சிறு திண்டு போல் செய்து, முட்டையையும் அதிலேயே எச்சிலால் ஒட்டிவைக்கும். ஓலை தரையில் விழும்போது முட்டையும் சேர்ந்தே விழுகிறது. வெட்டியவருக்கு அது தெரிவதே இல்லை. வெட்டுவதற்கு முன் சில நிமிடம் நின்று பாருங்கள். கூர்மையான சிறகுள்ள பறவைகள் விர்ரென்று ஓலைக்குள் போய்வந்தால் ரம்பத்தைக் கீழே வையுங்கள்.

ஆந்தையை விரட்டி, எலிக்கு மருந்து வைப்பது

ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். சூலு அண்டை வீட்டாரும் அதைச் சூனியத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பக்கத்தின் பயமும் அந்த ஒரு பறவையின் தலையில் விடிகிறது. கூகை எலி தின்றே வாழ்கிறது. அதை விரட்டிவிட்டு, பிரோடிபக்கூம் என்ற நஞ்சு கலந்த எலி மருந்தை வைக்கிறோம். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டே திரியும். தள்ளாடும் எலிதான் முதலில் பிடிபடும். பிடித்த ஆந்தை உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், கோழித் தீவனத்தைத் தகரப் பெட்டியில் வையுங்கள், பொறி வையுங்கள்.

அமாவாசைச் சோறு

இதை எழுதினால் சில பெரியவர்கள் என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை.

கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் நம் ஊர்க் காகம் தென்னாப்பிரிக்காவின் பறவை கிடையாது. கப்பல்களோடு வந்து டர்பனில் தங்கியது. 1970-களில்தான் இங்கே கண்ணில் படத் தொடங்கியது. மரக்கிளையில் கூடு வைக்கும் புறா, தூக்கணாங்குருவி ஆகியவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது கொள்ளையடிக்கிறது. அரசாங்கத்தின் அன்னிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் அதுவும் இருக்கிறது, 1902 வாக்கில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிப் பெருகிய மைனாவும் இருக்கிறது. முன்னோருக்குப் படைப்பதை நான் தடுக்கவில்லை. கறுப்பு உடம்பும் வெள்ளை மார்புமுள்ள இந்நாட்டுக் காகம் வந்தால் அதற்கு வையுங்கள். மற்றபடி ஒரு பிடி வைத்து, அது எடுத்துப் போனதும் இலையை அகற்றிவிடுங்கள். நாள்தோறும் அடுக்களை மிச்சத்தையெல்லாம் சுவரின்மேல் கொட்டுவதற்கும் பிதிர்க்கடனுக்கும் சம்பந்தமில்லை.

தீபாவளி ராக்கெட்

தமிழ்நாட்டில் தீபாவளி மழையோடு வரும். இங்கே அது முட்டையும் குஞ்சுமாகக் கூடுகள் நிறைந்திருக்கும் நேரம். இரவில் வெடிக்கு அஞ்சிக் கூட்டைவிட்டுப் பறந்த தாய்க்கு இருட்டில் திரும்பி வரத் தெரியாது. கம்பியிலும் சுவரிலும் மோதும், முட்டை குளிர்ந்துபோகும். ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான்களும் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்கின்றன. வெருலமுக்கு அருகே மவுண்ட் மோர்லாண்ட் நாணற்காட்டில் லட்சக்கணக்கில் இரவு தங்கி வந்திருக்கின்றன. பக்கத்திலேயே 2010-இல் திறந்த கிங் ஷாக்கா விமான நிலையம் அவற்றைக் கண்காணிக்க ரேடார் வைத்தது. விமானமே பார்த்துப் போகிறது. நம் ராக்கெட்டுக்கு என்ன அவசரம்? தரையில் எரியும் மத்தாப்பு, சங்குசக்கரம் போதும். அதையும் மரத்தடியில் வேண்டாம்.

வாத்துக்கு ரொட்டி

போடாதீர்கள்.

அறுந்த தூண்டில் நரம்பு

ப்ளூ லகூன் கழிமுகத்தில் மீன் பிடித்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.

நாமே வளர்த்துவிடலாம் என்பது

காட்டுப் பறவையை அனுமதிப் பத்திரமின்றி வைத்திருப்பது குற்றம். குவாசூலு-நட்டாலில் அதைக் கொடுப்பது எசெம்வேலோ வனத்துறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனிதக் கையில் தனியாக வளர்ந்த குஞ்சு தன்னை மனிதன் என்றே நினைத்துக்கொள்ளும், அதன் பிறகு அதை வெளியே விட்டால் முதல் நாயிடமே நட்பாகப் போய் நிற்கும். யெல்லோவுட் பார்க்கில் 1977 முதல் காட்டுயிர் மறுவாழ்வு மையம் ஒன்று இயங்குகிறது. பறவையை அன்றே அங்கே சேர்த்துவிடலாம்.

கொண்டுபோகும்போது எந்தத் தெரு, எந்த மரத்தடி, எத்தனை மணி என்பதைப் பெட்டியின்மேல் எழுதுங்கள். குணமானதும் அதே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ‘சாட்ஸ்வர்த்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு: சாட்ஸ்வர்த் பெரிய ஊர்.